விடுமுறைப் படங்களும் வீட்டின் வாசலும்



கோடை விடுமுறை முடிந்து மக்தப் வகுப்புகள் மீண்டும் தொடங்கிய வாரத்தில், பன்னிரண்டு வயது மாணவி ஒருத்தி வகுப்பு கலைந்த பின்னும் போகாமல் நின்றாள். குடும்பத்துடன் மாலத்தீவு சென்று வந்தவள். "ஹஜ்ரத், என் படத்தை நீக்கிவிடுங்கள் என்று வாப்பாவிடம் சொன்னால், பெற்றோரை எதிர்த்துப் பேசிய பாவம் வருமா?" என்று கேட்டாள். கடலில் நனைந்த உடையுடன் அவள் நின்ற படத்தை வாப்பா முகநூலில் போட்டிருந்தார். அதைத் தெருப் பையன்கள் தங்கள் கைப்பேசிகளில் சேமித்துக்கொண்டு, மக்தபுக்கு வரும் வழியில் அவளைக் கேலி செய்தார்கள். உம்மாவிடம் சொன்னதற்கு, "வாப்பா ஆசையாய்ப் போட்டது, பேசாமல் இரு" என்று பதில் வந்ததாம்.

பாவம் வராது என்று அன்றே அவளிடம் சொன்னோம். அக்குடும்பத்தாரின் இசைவுடனேயே இதை இங்கு எழுதுகிறோம். இப்படி ஒரு கேள்வியை ஒரு குழந்தை சுமந்து திரிய நேர்ந்தது பெரியவர்களாகிய நம் குற்றம் என்பதே நம் வாதம்.

புகைப்படம் கூடுமா, கூடாதா என்ற பழைய விவாதத்தை நாம் இங்கே கிளறவில்லை. எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மது பகீத் அல்முதீஈ, கேமரா படம் நிழலைப் பிடித்து வைப்பதே அன்றி உருவத்தைப் படைப்பதன்று எனக் கூறி அனுமதித்தார். அனுமதிக்காத உலமாக்களும் உள்ளனர். கடவுச்சீட்டுக்குப் படம் கொடுத்துத்தான் அனைவரும் விமானம் ஏறுகிறோம். மதரஸா ஆண்டு விழாவில் நாமும் படத்துக்கு நின்றவர்களே. எடுத்த படம் எங்கே போகிறது என்பதே நம் கேள்வி.

அந்நூர் அத்தியாயத்தின் 58ஆம் வசனத்தை எண்ணிப் பாருங்கள். ஃபஜ்ருக்கு முன், நண்பகலில் ஆடை தளர்த்தி ஓய்வெடுக்கும் வேளை, இஷாவுக்குப் பின் என மூன்று நேரங்களில், பருவமடையாத சொந்தப் பிள்ளைகூட அனுமதி கேட்டே பெற்றோரின் அறைக்குள் வர வேண்டும் என்கிறது மார்க்கம். பெற்ற பிள்ளைக்கே அந்தக் கட்டுப்பாடு. நாமோ விடுதி அறையின் கட்டிலையும், நீச்சல் குளத்தின் ஓரத்தையும், மனைவி தலை துவட்டும் காட்சியையும் முந்நூறு பேர் பார்க்கத் திறந்து வைக்கிறோம். அவர்களில் எத்தனை பேர் மஹ்ரம் என்று எண்ணிப் பார்த்தோமா?

அதே அத்தியாயத்தின் 31ஆம் வசனம் நம் பயான் மேடைகளில் ஓயாமல் ஒலிக்கிறது. அது பெண்களுக்கான கட்டளை. அதற்கு முந்தைய 30ஆம் வசனம் ஆண்களை நோக்கிப் பேசுகிறது. பார்வையைத் தாழ்த்தும் கட்டளை முதலில் வந்தது நமக்குத்தான். ஊரில் மனைவியின் முந்தானை சற்று விலகினால் முகம் சுளிக்கும் கணவர், தீவில் "இங்கே நம்மை யாருக்குத் தெரியும்" என்று அவரைக் கடலுக்குள் நிறுத்திப் படம் எடுக்கிறார். அன்றிரவே அப்படத்தை ஊரார் அனைவரும் பார்க்கிறார்கள். கேமரா பெரும்பாலும் ஆணின் கையில் இருக்கிறது. பழி மட்டும் பெண்ணின் தலையில் விழுகிறது.

இன்னுமொரு இழப்பு உண்டு. நிலநடுக்கோட்டை ஒட்டிய அத்தீவுகளில் ஆண்டு முழுதும் மாலை ஆறு மணியை ஒட்டியே சூரியன் மறைகிறது. செம்மை அடங்கவும் அதிக நேரம் ஆவதில்லை. படத்துக்கு அழகான நேரம் என்று எல்லோரும் கடற்கரைக்கு ஓடுவதும் அப்போதுதான். மஃரிபின் நேரமும் அதுவே. பயணிக்கு நான்கு ரக்அத் தொழுகை இரண்டாகச் சுருங்கும். மஃரிபின் மூன்று ரக்அத்துகள் சுருங்குவதில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் மஃரிபை இஷாவுடன் சேர்த்துத் தொழ வழியுண்டு. அச்சலுகை பயணத்தின் சிரமத்துக்காகத் தரப்பட்டது. படத்துக்காக அதை எடுத்தாளும் மனத்தை என்னவென்பது?

போகும் இடம் எதுவென்றும் நினைக்க வேண்டாமா? மாசிக் கருவாட்டால் நம் சமையலறைகள் நன்கறிந்த நாடு அது. ஏறத்தாழ 1,200 தீவுகளில் மக்கள் வாழ்பவற்றிலெல்லாம் பாங்கு ஒலித்த மண். மாலேயில் 1658ஆம் ஆண்டு பவளக் கல்லால் எழுப்பிய ஹுகுரு மிஸ்கீ என்னும் ஜும்ஆப் பள்ளி இன்றும் நிற்கிறது. பதினான்காம் நூற்றாண்டில் இப்னு பதூதா அங்கே காழியாக இருந்தார். பிற்காலத்தில் நினைவிலிருந்து அவர் சொல்லி எழுதுவித்தவற்றை இன்றும் உலகம் படிக்கிறது. நம் குடும்பங்களிடம் அப்பள்ளியைப் பற்றிக் கேட்டால், "வாசலில் நின்று செல்ஃபி எடுத்தோம்" என்கிறார்கள். இரண்டு ரக்அத் தொழுதவர் அரிது. பூமியில் பயணம் செய்து பார்க்குமாறு அல்குர்ஆன் பல இடங்களில் பணிக்கிறது. பிறருக்குக் காட்டுவதிலேயே முனைந்தவர் தாம் எதைப் பார்த்தார்?

"நினைவுக்காகத்தானே ஹஜ்ரத்?" என்பார்கள். நினைவுக்கு ஆல்பம் போதும். வீட்டில் வைத்துப் பிள்ளைகளோடு புரட்டுங்கள். "சொந்தக்காரர்கள்தானே பார்க்கிறார்கள்?" என்பார்கள். கடன் வாங்கி மகளுக்கு நிக்காஹ் முடித்த மச்சான் அச்சொந்தத்தில் இருக்கிறார். அவர் மனம் என்ன படும்? முகஸ்துதி தொழுகையில் மட்டும் நுழைவதில்லை. "ஹஜ்ரத்மார்களுக்கு எல்லாமே ஹராம்" என்பார்கள். போகாதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. ஹலாலான சம்பாத்தியத்தில் மனைவி மக்களை மகிழ்விப்பது நன்மையே.

எனவே வாப்பாமார்களே, படம் எடுக்கும் முன் மனைவியிடமும் மக்களிடமும் கேளுங்கள். வேண்டாம் என்று பிள்ளை சொன்னால் அதை நாணமாக எண்ணி மகிழுங்கள். நாணம் ஈமானின் ஒரு கிளை என்பதை அவளுக்கு நாம்தானே ஓதிக் கொடுத்தோம்? மஃரிப் பாங்கு சொன்னதும் கைப்பேசியை அறையில் வைத்துவிட்டு மணலில் ஜமாஅத்தாக நில்லுங்கள். ஊரில் குடியிருக்கும் பெண்களையும் பிள்ளைகளையும் அனுமதியின்றிப் படம் பிடிக்காதீர்கள்.

அம்மாணவியின் வாப்பாவைப் பள்ளியில் இஷாவுக்குப் பின் சந்தித்துப் பேசினோம். முதலில் கோபப்பட்டார், பிறகு வெகுநேரம் பேசாதிருந்தார். அன்றிரவே படத்தை நீக்கினார். ஆனால் பிறர் சேமித்து வைத்ததை நீக்க அவரால் இயலவில்லை. அவள் இன்றும் மக்தபுக்குச் சுற்றுவழியில்தான் வருகிறாள்.

நம் வீடுகளின் மானத்தைக் காக்கும் பொறுப்பை உணர்ந்து நடக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.