சூட்டுக்குக் காரணம் நிறமல்ல

சிவகிரியிலிருந்து வாசுதேவநல்லூர் வழியாகப் புளியங்குடி போகும் நெடுஞ்சாலையோரப் பட்டறைகளில் பழைய புல்லட் ஒன்றைக் கொண்டுபோய் நிறுத்திப் பாருங்கள். இன்ஜினுக்கு என்ன நிறம் அடிப்பது என்ற பேச்சு வந்ததும் ஒரே தீர்ப்புதான் கிடைக்கும்: “கறுப்பு வேண்டாம் அண்ணாச்சி. வெயிலை இழுத்து இன்ஜின் கொதிச்சிரும். சில்வர் அடிச்சிருவோம், கூலா இருக்கும்.” வண்டிக்காரரும் தலையாட்டிவிடுவார். சித்திரை வெயிலில் வெந்தவருக்கு இதை மறுக்கத் தோன்றாது. மதுரையிலும் கோவையிலும் சென்னையிலும் இதே பேச்சுதான். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த நம்பிக்கை முழுத் தவறு. அதை நம்பியே எத்தனையோ நல்ல இன்ஜின்களைப் பாழாக்கிக்கொண்டிருக்கிறோம்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததுதான். மொட்டை மாடியில் வெள்ளை அடித்தால் வீடு குளிர்கிறது. கறுப்புச் சட்டை போட்டு வெயிலில் நடந்தால் முதுகு எரிகிறது. இரண்டும் உண்மை. ஆனால் மாடிக்கும் சட்டைக்கும் சூடு வருவது வெளியிலிருந்து, சூரியனிடமிருந்து. இன்ஜினுக்குச் சூடு வருவது உள்ளேயிருந்து, எரியும் பெட்ரோலிடமிருந்து. சூடு வரும் திசையே மாறிவிட்ட இடத்தில் மாடிக்குச் சொன்ன விதியைக் கொண்டுவந்து பொருத்துவது எப்படிச் சரியாகும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். லிட்டருக்கு 35 கிலோமீட்டர் கொடுக்கும் 350 சிசி புல்லட், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. அப்படியானால் இன்ஜினுக்குள் எரிவது ஏறத்தாழ 15,000 வாட். அதில் கால்வாசிதான் சக்கரத்தைச் சுழற்றப் போகிறது. ஒரு பெரும் பங்கு சைலன்சர் வழியாகப் புகையோடு போய்விடுகிறது. ஹெட்டும் சிலிண்டரும் காற்றில் கழிக்க வேண்டிய சூடு மட்டும் தோராயமாக 4,000 வாட். நான்கு இஸ்திரிப் பெட்டிகளை ஒரே நேரத்தில் முழுச் சூட்டில் வைத்ததுபோல.

இனி வெயிலின் பங்கு. உச்சி வெயில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் கொட்டுவது சுமார் 1,000 வாட். வெயில் படும் இன்ஜினின் பரப்பு சதுர மீட்டரில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். டேங்கும் ஓட்டுகிறவரின் கால்களும் அதிலும் பாதியை மறைத்துவிடுகின்றன. எதுவுமே மறைக்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும், கறுப்புக்கும் சில்வருக்கும் உள்ள வித்தியாசம் 50, 60 வாட்தான். 4,000 வாட் சூட்டை ஊதித் தள்ளும் காற்றுக்கு இந்த 60 ஒரு பொருட்டே இல்லை. சந்தேகம் உள்ளவர்கள் இரவில் சங்கரன்கோவில் வரை ஓட்டிப்போய்ப் பார்க்கட்டும். சூரியன் இல்லாத அந்த நேரத்திலும் இன்ஜின் தொட முடியாமல்தான் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. சூடான பொருள் காற்றுக்கு மட்டும் சூட்டைக் கொடுப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராகவும் வெளியே அனுப்புகிறது. பளபளக்கும் வெற்று அலுமினியம் இந்த வேலையில் மகா கஞ்சன். அலுமினியத் தூள் கலந்த சில்வர் பெயிண்ட் அதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை. நல்ல கறுப்புப் பெயிண்டோ அந்தச் சூட்டில் ஒரு பொருள் அதிகபட்சமாக அனுப்பக்கூடிய கதிரில் பத்தில் ஒன்பது பங்கை அனுப்பிவிடும். ஓடும்போது காற்றே பெரும்பாலான வேலையைச் செய்துவிடுவதால் இந்த லாபம் சிறியதுதான். ஆனால் ரயில்வே கேட்டிலும் திருவிழாக் கூட்டத்திலும் காற்றே இல்லாமல் உறுமிக்கொண்டு நிற்கும்போது அந்தச் சிறிய லாபத்துக்கும் மதிப்பு உண்டு. ஆக, நிறத்தால் ஏதாவது நன்மை உண்டென்றால் அது கறுப்பின் பக்கம்தான்.

இங்கிலாந்தின் ஸ்டீவனேஜில் வின்சென்ட் நிறுவனம் 1948இல் பிளாக் ஷேடோ என்ற 998 சிசி வண்டியை வெளியிட்டது. மணிக்கு 125 மைல், அதாவது 200 கிலோமீட்டர் வேகம் என்று அறிவித்து விற்ற வண்டி. அந்தக் காலத்தில் அந்த வேகத்தை நினைத்துப் பார்ப்பதே கடினம். அதன் அலுமினிய இன்ஜின் முழுவதும் கறுப்பு எனாமல் பூசி, சூளையில் சுட்டெடுக்கப்பட்டது. கறுப்பு இன்ஜினைக் கொதிக்க வைக்கும் என்றால் அன்று விற்பனைக்கு வந்தவற்றில் மிக வேகமான வண்டிகளில் ஒன்றைச் செய்தவர்கள் அந்த நிறத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

நம்ம ஊர் புல்லட்டுக்கு வருவோம். 1955இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்ட் இந்தியா, திருவொற்றியூர் ஆலையிலிருந்து அனுப்பிய அந்த வண்டியின் சிலிண்டர் வார்ப்பிரும்பு. ஹெட்டும் கிராங்க் கேஸும் அலுமினியம். இரும்பு துருப்பிடிக்கும். ஆகவே சிலிண்டருக்குப் பெயிண்ட் கட்டாயம் தேவை. அலுமினியத்துக்குத் தேவையே இல்லை. சைடு கவர்களை அவ்வப்போது பஃபிங் செய்து விட்டாலே போதும், வருஷக்கணக்கில் மின்னும். ஆனால் இன்று நடப்பது என்ன? இரும்பு, அலுமினியம் என்ற பேதமில்லாமல் மொத்த இன்ஜினுக்கும் கேட்டுக்கு அடிக்கும் சில்வரை எடுத்து அடித்துவிடுகிறார்கள்.

அப்படி அடித்த ஒரு பழைய சிலிண்டரைக் கையில் எடுத்து, சூட்டைக் காற்றில் விடும் தகடுகளான ஃபின்களுக்கு நடுவே பாருங்கள். மேலே சில்வர். நகத்தால் சுரண்டினால் அதன் கீழே இன்னொரு சில்வர். அதற்கும் கீழே ரெட் ஆக்சைடு. எல்லாவற்றுக்கும் அடியில், யாரும் கழுவாமல் விட்ட எண்ணெய்ப் பிசுக்கும், வயல் வரப்பில் புல்லுக்கட்டும் எலுமிச்சை மூட்டையும் ஏற்றி ஓடியபோது அப்பிய செம்மண்ணும். ஃபின்னின் கூரான ஓரம் மழுங்கி, இடைவெளி குறுகிப் போயிருக்கும். ஒரே கோட்டு மெல்லிசாக அடித்த பெயிண்ட் மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான். அது சூட்டைத் தடுப்பது நூற்றில் ஒரு பங்கு அளவுக்கே. ஆனால் கோட்டுக்கு மேல் கோட்டாக அரை மில்லிமீட்டர் ஏறிவிட்டால் தடை பத்தில் ஒரு பங்கைத் தாண்டிவிடும். அடியில் இருக்கும் மண் அதைவிட மோசம். குளிர்ச்சிக்கு என்று அடித்ததே இன்ஜினுக்குப் போர்வையாகிவிடுகிறது. போதாக்குறைக்கு, கேட்டுக்கு அடிக்கும் பெயிண்ட் இன்ஜின் சூட்டில் பழுத்து உரியும், பெட்ரோல் பட்டால் கரையும். அடுத்த வருஷம் அதன் மேலேயே இன்னொரு கோட்டு.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று இருக்கிறது. “இன்ஜின் சூடாகுது” என்று வண்டிக்காரர் முறையிடும்போது, நிறத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை. சூட்டுக்கு உண்மையான காரணங்கள் வேறு. பிளாட்டினம் பாயின்ட் தேய்ந்து டைமிங் பின்தங்கினால் சூடாகும். கார்புரேட்டரில் பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் சூடாகும். ஆயில் அளவு குறைந்தாலோ ஆயில் பம்ப் தேய்ந்தாலோ சூடாகும். இவற்றைப் பார்ப்பதற்குப் பொறுமை வேண்டும், கைத்திறன் வேண்டும். பெயிண்ட் அடிக்க ஒரு மத்தியானம் போதும். காசு வாங்கிக்கொண்டு பளபளவென்று வண்டியை வெளியே விடலாம். பிஸ்டன் இறுகிப்போய் வண்டிக்காரர் திரும்பி வரும்போது பழியை வெயில் சுமந்துகொள்ளும்.

சரியான முறையில் ரகசியம் எதுவும் இல்லை. முதலில் போர்ட்டுகளையும் துவாரங்களையும் அடைத்துவிட்டு, மண்ணெண்ணெயில் பிசுக்கு போகும்வரை கழுவ வேண்டும். பழைய பெயிண்டை முழுவதும் எடுத்துவிட வேண்டும். மணலை வேகமாக அடித்துச் சுத்தம் செய்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: ஆயில் போகும் பாதையில் தங்கிவிடும் ஒரு சிட்டிகை மணல் பேரிங்கைத் தின்றுவிடும். பிறகு சூடு தாங்கும் பெயிண்டை மெல்லிசாக அடித்து, டப்பாவில் சொன்னபடி படிப்படியாகச் சூடேற்றி இறுக வைக்க வேண்டும். கிராங்க் கேஸில் பொறித்த இன்ஜின் எண்ணை உப்புத்தாளால் தேய்க்கவோ பெயிண்டால் மூடவோ கூடாது. வண்டியின் பிறப்புச் சான்றிதழே அதுதான்.

இதையெல்லாம் செய்த பிறகு சில்வர் அடியுங்கள், கறுப்பு அடியுங்கள்; அது அவரவர் ரசனை. ஆலையிலிருந்து வந்த நிறத்தையே அடித்தால் இன்னும் சிறப்பு. நான் கேட்பது ஒன்றுதான். பட்டறைகளில் ஸ்பேனர் பிடிக்கப் பழகும் பையன்களுக்கு “கறுப்பு சூட்டை இழுக்கும்” என்பதை முதல் பாடமாகச் சொல்லிக்கொடுக்காதீர்கள். ஃபின்னுக்கு நடுவே கம்பி பிரஷ்ஷை விட்டு மண்ணை எடுக்கவும், பாயின்ட் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்கவும் சொல்லிக்கொடுங்கள். அதைக் கற்ற பையன் கையில் கொடுத்த புல்லட், எந்த நிறத்தில் இருந்தாலும் இன்னொரு தலைமுறைக்கு ஓடும்.