அளந்தவனுக்கு என்ன பரிசு?

பரிசளிப்பு விழா என்றால் நமக்கு மகிழ்ச்சிதான், தோழர்களே! அறிவுக்கு மாலை விழுவதைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் அல்லர் நாம். பட்டத்துக்கும் பரம்பரைக்கும் மட்டுமே மாலை விழுந்த காலம் ஒன்று இருந்தது. அது போய், ஆராய்ச்சிக்கு மாலை விழுகிறது என்றால், அதை வாழ்த்தி வரவேற்க வேண்டியவர்களும் நாமேதான்.

ஆனால், மாலை விழுகிற கழுத்தைப் பார்த்துக் கைதட்டிவிட்டுக் கலைந்து போவது நம் வழக்கமன்று. பூப்பறித்தவர் யார், தொடுத்தவர் யார், அவர்களுக்குக் கூலி கிடைத்ததா என்று கேட்பது நம் வழக்கம். இன்றும் அதைத்தான் கேட்கிறோம்.

சுவீடன் நாட்டு அறிவியல் கழகம் கிராஃபோர்டு பரிசு என்று ஒன்றை வழங்குகிறது. நோபல் பரிசு எட்டிப் பார்க்காத துறைகளுக்கென்றே ஏற்பட்ட பரிசு. சூழலியல் அத்துறைகளில் ஒன்று. காட்டில் எத்தனை மரம், கடலில் எத்தனை மீன், ஆண்டுக்கு எத்தனை பிறக்கிறது, எத்தனை மடிகிறது என்று எண்ணிக் கணக்கிட்டு, நாளை என்ன ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முயலும் அறிவு அது. பஞ்சாங்கம் பார்த்துச் சொல்வதல்ல. பார்த்ததை எழுதி, எழுதியதைக் கூட்டிக் கழித்துச் சொல்வது.

1996-ஆம் ஆண்டு இப்பரிசு ராபர்ட் மே என்பவருக்குக் கிடைத்தது. ஆஸ்திரேலியாவில் பிறந்தவர்; இயற்பியல் படித்தவர். உயிர்களின் பெருக்கத்தைக் குறிக்கும் மிக எளிய கணக்கு ஒன்றே, சில நிலைகளில், முன்கூட்டிச் சொல்லவே முடியாதபடி தாறுமாறாகத் துள்ளும் என்று 1976-ல் காட்டினார். அடக்கத்தைக் கற்பிக்கும் கணக்கு அது. "இதுதான் நடக்கும் என்று மார்தட்டாதே! இதிலிருந்து இதுவரை நடக்கலாம் என்று எல்லை வகுத்துச் சொல்" என்பது அக்கணக்கு தரும் பாடம்.

2011-ல் அதே பரிசு பின்லாந்து நாட்டு இல்க்கா ஹான்ஸ்கிக்குக் கிடைத்தது. ஓலாந்து தீவுகளில் ஏறத்தாழ 4,000 சிறு புல்வெளிகளில் ஒரு வகை வண்ணத்துப்பூச்சி எங்கே வாழ்கிறது, எங்கே அழிகிறது, எங்கே மீண்டும் குடியேறுகிறது என்று 1993 முதல் ஆண்டுதோறும் எண்ணி வந்த ஆராய்ச்சி அவருடையது. சிறிய சிறிய வாழிடங்கள் சிதறிப்போனால் ஓர் இனம் எப்படித் தேய்ந்து மறையும் என்பதற்கு உலகம் எடுத்துக்காட்டும் ஆராய்ச்சி. தகுதியுள்ளவருக்குக் கிடைத்த தகுதியுள்ள பரிசு. ஐயமில்லை.

ஆனால், 4,000 புல்வெளிகளையும் ஒருவரே நடந்து பார்த்திருக்க முடியுமா? இலையுதிர் காலம்தோறும் மாணவர்கள் கூட்டம் ஒன்று புல்லைக் குனிந்து விலக்கி, புழுக்கூடுகளைத் தேடித் தேடி எண்ணியது. அந்தக் கால்கள் நடக்காமல் அந்தக் கணக்கு இல்லை. பரிசு பெற்றவரின் பெருமையை இது குறைக்காது. பெருமை எதன்மேல் நிற்கிறது என்பதை நினைவூட்டும், அவ்வளவுதான்.

அளந்தவனை மறந்தால் என்ன ஆகும்? விழாவில் ஒரு நாற்காலி குறையும், அவ்வளவுதானே என்று கேட்கலாம். அவ்வளவுதான் என்றால் நாம் இந்தப் பக்கத்தை வீணாக்க மாட்டோம். ஊரே பட்டினி கிடக்கும், தோழர்களே! கதையல்ல, நடந்தது.

கனடா நாட்டின் கிழக்குக் கரையில் நியூஃபவுண்ட்லாந்து என்றொரு தீவு. அங்கே காட் என்னும் மீன்தான் சோறு; காட்தான் கூலி; காட்தான் ஊர். நூற்றாண்டுக் கணக்கில் பிடித்தும் வற்றாத கடல். பிறகு வந்தன பிற நாடுகளின் பெரும் இழுவைக் கப்பல்கள். 1968-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் ஏறத்தாழ 8 இலட்சம் டன் வாரினார்கள். 1977-ல் கனடா 200 கடல் மைல் வரை தன் ஆளுகைக்குக் கொண்டுவந்தது. அந்நியக் கப்பல் போயிற்று. உள்நாட்டு முதலாளியின் இழுவைக் கப்பல் வந்தது. மீனுக்கு என்ன தெரியும், வலையின் மேல் பறக்கும் கொடி எந்த நாட்டுக் கொடி என்று?

அரசின் ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டார்கள். மீன் பெருகுகிறது என்றது கணக்கு. கரையோரத்தில் கூட்டுவலையும் தூண்டிலும் வைத்துப் பிழைத்த ஏழை மீனவர்களோ, "மீன் குறைகிறது, வருகிற மீனும் சிறுத்துப்போய் வருகிறது" என்றார்கள். யார் பேச்சு அம்பலம் ஏறும்? மீனவன் பேச்சா ஏறும்?

ஏன் கணக்கு தவறிற்று? காரணம் எளிது, கடலறிந்தவனுக்கு உடனே விளங்கும். ஆராய்ச்சியாளர்கள் இரண்டு அளவைகளை வைத்திருந்தார்கள். ஒன்று, ஆராய்ச்சிக் கப்பல் ஆங்காங்கே வலை போட்டுப் பார்த்த அளவு. மற்றொன்று, இழுவைக் கப்பல்கள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு பிடித்தன என்ற அளவு. இழுவைக் கப்பலிலோ ஒலி எழுப்பி மீன் கூட்டத்தைக் கண்டுபிடிக்கும் கருவி இருந்தது. கடலெங்கும் மீன் அருகினாலும், மிஞ்சிய மீன் ஓரிடத்தில் திரண்டால் கருவி காட்டிக் கொடுக்கும், வலை நிறையும். கடைசிக் கூட்டத்தை வாரும் நாளிலும் வலை நிறையும்! நிறைந்த வலையைக் கண்டு நிறைந்த கடல் என்று எழுதினார்கள். கரையில் காத்திருக்கும் மீனவனுக்கோ அந்த ஏமாற்றம் இல்லை. மீன் அருகினால் அவன் கரைக்கு வராது. முதலில் அறிந்தவன் அவனே.

அந்த மீனவர்கள் என்ன செய்தார்கள்? கல்லெறிந்தார்களா? இல்லை. சங்கம் வைத்தார்கள். தங்கள் சங்கத்தின் சார்பில் உயிரியல் அறிஞர்களை அமர்த்தி, அரசின் கணக்கை மறு ஆய்வு செய்யச் சொன்னார்கள். 1986-ல் அறிக்கை வந்தது: அரசின் கணக்கு மிகையானது என்று. அரசு செவிசாய்க்கவில்லை.

1989-ல் அரசின் ஆராய்ச்சியாளர்களே தங்கள் பழைய கணக்கு தவறு என்று கண்டார்கள். தவற்றை ஒப்புக்கொண்டது அறிவியலுக்கு அழகு. அதற்காக அவர்களைப் பாராட்டுகிறோம். பிடிக்கலாம் என்ற அளவு 2,66,000 டன்னாக இருந்தது. அதை 1,25,000 டன்னாகக் குறையுங்கள் என்றார்கள். அமைச்சர் குறைத்தார், எவ்வளவு? 2,35,000 டன்! பாதியாக வெட்டச் சொன்ன இடத்தில் நகத்தை வெட்டினார்.

விளைவு? 1992 ஜூலை 2-ஆம் நாள் காட் பிடிப்புக்குத் தடை போட்டார்கள். இரண்டே ஆண்டுகளுக்குத்தான் என்றார்கள். ஏறத்தாழ 30,000 பேர் வேலை இழந்தார்கள். படகு கரையில் கிடந்தது. மீன் பதனிடும் ஆலை பூட்டிக் கிடந்தது. பெண்கள் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். இளைஞர்கள் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். இரண்டாண்டு என்ற தடை முடிய எத்தனை ஆண்டுகள் ஆயின? முப்பத்திரண்டு! 2024-ல்தான் நீக்கினார்கள், அப்போதும் 18,000 டன்னுக்குமேல் இல்லை என்று வரம்பு கட்டி. 8 இலட்சம் எங்கே, 18,000 எங்கே!

இனி சொல்லுங்கள். கணக்கு யாருக்கோ வேண்டிய பொழுதுபோக்கா? கணக்குத் தவறினால் அறிஞரின் ஏட்டில் ஒரு வரி தவறும். உழைப்பவன் வீட்டிலோ உலை அணையும்.

அதனால்தான், இத்துறையில் அண்மையில் தோன்றியிருக்கும் ஒரு முயற்சியை நாம் உற்றுப் பார்க்கிறோம். அமெரிக்காவில் அரசுப் பணத்தில், 40 கோடி டாலருக்கு மேல் செலவிட்டு, நாடெங்கும் 81 இடங்களில் நிலத்தையும் நீரையும் அளக்கும் நிலையங்கள் அமைத்திருக்கிறார்கள். 2019 முதல் முழு அளவில் இயங்குகின்றன. அந்த அளவைகள் பூட்டி வைக்கப்படவில்லை, எவரும் எடுத்துக்கொள்ளலாம். அவற்றை வைத்து 2021-ல் ஒரு போட்டி தொடங்கினார்கள். அடுத்த வாரம் இந்த ஏரியின் வெப்பம் என்ன, இந்தக் காடு தளிர்ப்பது எப்போது, இந்தப் புதரில் உண்ணி எத்தனை, வண்டு எத்தனை — முன்கூட்டியே எழுதிக் கொடு என்பதுதான் போட்டி.

இதன் சிறப்பு எங்கே? உண்மை தெரியுமுன் எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு அளவு வரும். ஒப்பிட்டு மதிப்பெண் போடுவார்கள். ஒற்றை எண் சொன்னால் போதாது. எவ்வளவு உறுதி, எவ்வளவு ஐயம் என்றும் சொல்ல வேண்டும். வீண் உறுதிக்கும் மதிப்பெண் குறையும். அதற்கும் மேலே ஒன்று: "நேற்று இருந்ததே நாளையும் இருக்கும்" என்று சொல்லும் சோம்பேறிக் கணிப்பும், "பல ஆண்டுகளில் இந்நாளில் இருந்த சராசரியே இவ்வாண்டும்" என்று சொல்லும் கணிப்பும் போட்டியில் நிறுத்தப்படுகின்றன. இந்த இரண்டையும் வெல்ல முடியாத கணிப்பு எத்தனை பக்கம் எழுதினாலும் எதற்குப் பயன்?

நியூஃபவுண்ட்லாந்தில் ஆண்டுதோறும் இப்படி ஊரறியக் கணித்து, ஊரறிய ஒப்பிட்டிருந்தால்? பிழை அறைக்குள்ளே ஒளிந்திருக்க முடியுமா? அமைச்சரால்தான் மறைத்திருக்க முடியுமா?

ஆனால் அங்கேயும் நம் பழைய கேள்வி எழுகிறது. ஏட்டில் "உண்ணி இத்தனை" என்று ஓர் எண் ஏறுகிறதே, அது எப்படி வந்தது? வெள்ளைத் துணி ஒன்றைப் புதரின்மேல் இழுத்துக்கொண்டு வெயிலில் ஒருவர் நடந்தார். ஒட்டிய உண்ணிகளைப் பொறுக்கினார். "வண்டு இத்தனை" என்றால், மண்ணில் குவளை புதைத்து, விழுந்ததை ஒருவர் எடுத்தார். இந்த வேலையிலே தொடங்கித்தான் இளைஞர்கள் ஆராய்ச்சியாளர் ஆகிறார்கள். இத்துறையிலோ ஊதியமில்லாமல் உழைத்துப் பழகு என்னும் வழக்கம் பல நாடுகளில் பரவிக் கிடக்கிறது. சம்பளமில்லாமல் ஆறு மாதம் காட்டில் இருக்க யாரால் முடியும்? அப்பன் பணம் அனுப்பினால் முடியும். கூலிக்காரன் மகன் என்ன செய்வான்? தகுதி பார்த்து வடிகட்டுகிறோம் என்கிறார்கள். வடிகட்டுவது தகுதியை அல்ல, பணப்பையை!

நல்ல வழி இல்லாமலில்லை. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை, கல்லூரி மாணவர்களைக் கோடையில் ஊதியம் கொடுத்து ஆராய்ச்சியில் பழக்குகிறது. மேற்படிப்புக்கும் உதவித்தொகை தருகிறது. எல்லா அறிவியல் துறைகளுக்குமாக ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 பேருக்குத் தந்துவந்தது. 2025 ஏப்ரலில் அதைப் பாதியாக்கி 1,000 என்றார்கள். கூக்குரல் எழுந்தபின் ஜூனில் 500 சேர்த்தார்கள். செல்வன் மகன் வேறு வழி தேடிக்கொள்வான். கதவு அடைபட்டது யாருக்கு என்று நாம் சொல்லவும் வேண்டுமோ?

கதவு அடைபட்டால் அறிவுக்கு என்ன நட்டம் என்பதற்கு ஓர் அம்மையாரின் வாழ்வே சான்று. எவ்லின் கிறிஸ்டாலா பீலூ. மூன்று பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, பல்கலைக்கழக இருக்கை எதுவும் இல்லாமல், வீட்டிலிருந்தே செடிகொடிகளின் பரவலைக் கணக்கிட்டுக் கட்டுரைகள் எழுதினார். அவற்றைக் கொண்டே 1962-ல் இலண்டன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1969-ல் கணிதச் சூழலியலுக்கு அவர் எழுதிய நூல் ஒரு தலைமுறைக்கே பாடநூல் ஆயிற்று. அமெரிக்கச் சூழலியல் கழகம் 1986-ல் அவருக்குத் தன் உயரிய விருதை வழங்கியது. இன்று புள்ளியியல் சூழலியலில் சிறந்த மாணவருக்குத் தரும் பரிசுக்கே அவர் பெயர். அவர் கதவை உடைத்துக்கொண்டு வந்தார். சரி, உடைக்க முடியாமல் வாசலிலேயே நின்றுபோன பீலூக்கள் எத்தனை பேர்? அந்தக் கணக்கை எந்த ஏட்டில் தேடுவது?

ஆகவே, நாம் கேட்பது நான்கு.

பரிசு கொடுங்கள், ஊரறிய முன்கூட்டிச் சொல்லி, ஊரறிய ஒப்பிட்டுப் பார்த்த கணிப்புக்கு முதலிடம் கொடுங்கள்.

வாய்ப்புக் கொடுங்கள், சம்பளத்தோடு கொடுங்கள்.

அளந்தவர் பெயரை ஏட்டிலே பொறியுங்கள், ஒரு வரியாவது.

கணிப்பால் யாருடைய வயிறு நிறையுமோ, யாருடைய வயிறு காயுமோ, அவரையும் அவையில் அமர்த்திக் கேளுங்கள்.

மீனவனுக்குக் கணக்குத் தெரியுமா என்று நகைப்பவர்கள் உண்டு. 1986-ல் நகைத்தார்கள். 1992-ல் கடல் விடை சொன்னது.