மதகின் திறவுகோல் யார் கையில்?

கணினி வலையமைப்பு என்றதும், அது கொழும்பிலே குளிரூட்டிய அறையில் இருக்கும் பொறியியலாளரின் விவகாரம் என்று எம்மிற் பலர் ஒதுங்கிவிடுகின்றனர். ஒதுங்கலாமா? தம்பலகாமத்து விவசாயியின் உர மானியம் வங்கிக் கணக்கை வந்தடைவது அதன் வழியாகவே. கச்சேரிக்கும் அமைச்சுக்கும் இடையே ஓடும் கடிதங்களும் இன்று பெரும்பாலும் அவ்வழியே செல்கின்றன.

வலையமைப்பின் நிருவாகம் எத்தகையது என்பதை விளங்கிக்கொள்ள எமது மாவட்டத்துக் குளமொன்றே போதும். 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் அதிகாலையிலே கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அணையைப் பராமரிக்கும் பொறுப்பு அவர்களிடம் இருக்கவில்லை. ஆயினும் அழிவு அவர்கள் தலையிலேயே விழுந்தது.

2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இன்னோர் அணை உடைந்தது. அரசாங்கத்தின் மின்னஞ்சல்களைத் தாங்கிநின்ற கணினித் தொகுதி, கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பங் கேட்கும் தீய மென்பொருளுக்கு இரையாயிற்று. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீட்க முடியாதவாறு அழிந்தன. ஏன்? அக்காலத்துக்குரிய காப்புப் பிரதி வேறெங்கும் வைக்கப்படவில்லை. பயன்படுத்தப்பட்டதோ 2013ஆம் ஆண்டுப் பதிப்பு மென்பொருள். அதற்கான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2023 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. புதுப்பிக்கப் பணம் போதவில்லை என்று காரணம் கூறப்பட்டது.

இதனால் குடிமகனுக்கு என்ன நட்டம் எனச் சிலர் வினவக்கூடும். காணி பற்றிய ஆட்சேபனையோ, ஓய்வூதிய முறையீடோ உரிய தவணைக்குள் அனுப்பப்பட்டதா என்பதிலேதான் பல வழக்குகளின் வெற்றியும் தோல்வியும் தங்கியுள்ளன. அரசின் கையில் இருந்த பதிவு அழிந்தால், அனுப்பியதை மெய்ப்பிக்கும் சுமையை நடைமுறையிற் சுமப்பவன் மனுதாரனே. காத்துவைக்கத் தவறியவன் ஒருவன். தண்டனை பெறுபவன் மற்றொருவன். இது எந்த ஊர் நீதி?

அலட்சியத்தால் அணை உடையலாம். அதிகாரத்தால் மதகு பூட்டப்படவும் கூடும். 2022 ஏப்ரல் 3ஆம் நாள், பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின்பேரில், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு பேஸ்புக், வட்ஸ்அப் முதலியவற்றை நாடெங்கும் முடக்கிற்று. எதிர்ப்பு எழவே, அன்றைய தினமே தடை நீங்கியது. 2018இல் கண்டி மாவட்டத்திலே வன்முறை மூண்டபோதும் இத்தகைய தடை விதிக்கப்பட்டதே, வதந்தியைத் தடுக்க அரசுக்கு அதிகாரம் வேண்டாமா எனக் கேட்போர் உளர். வேண்டும் என்றே கொள்வோம். ஆனால் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ், யார் கையொப்பத்துடன், எத்தனை மணி நேரத்துக்கு என்பதை எழுத்திலே வெளியிடாத கட்டளையைச் சட்டத்தின் ஆட்சி என்று எவ்வாறு அழைப்பது?

பெரும்போகம் தொடங்குமுன் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் கூடுகின்றது. நீர் திறக்கும் நாளும் நிறுத்தும் நாளும் விவசாயிகள் முன்னிலையில் முடிவாகின்றன. வாய்க்காலில் நீர் வராவிடின் வட்டை விதானையைக் கேட்கலாம். வலையமைப்பிலே நாம் யாரைக் கேட்பது?

கேட்பதற்கு வழி உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எமது கையில் இருக்கின்றது. கமக்கார அமைப்புகளும் சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் ஒவ்வோர் அலுவலகத்தையும் கேட்கட்டும்: காப்புப் பிரதி எத்தனை நாளுக்கொரு முறை எடுக்கப்படுகிறது? அதிலிருந்து தகவலை மீட்க முடியுமா என இறுதியாகச் சோதித்தது எப்போது? தொகுதி செயலிழந்தால் விண்ணப்பங்களை ஏற்க மாற்றுவழி என்ன? தவணை நீடிக்கப்படுமா? இவற்றுக்கான அறிவித்தல்கள் தமிழில் வருமா? வடக்குக் கிழக்கிலே தமிழே நிருவாக மொழி என அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை கூறுகின்றது. அது கணினித் திரைக்கும் பொருந்தும்.

அணை உடைந்தபின் கண்ணீர் விடுவதாற் பயனில்லை. கேள்விகளை இப்போதே எழுத்திலே கேட்போம். பதிலையும் எழுத்திலேயே பெறுவோம்.