நாய்க் காப்பகங்கள்: நம்பிக்கைக்கு எது அத்தாட்சி?

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளைப் பார்க்கப் புறப்படும் பெற்றோரின் பயண ஆயத்தங்களில் இப்போது புதிதாக ஒரு கவலையும் சேர்ந்திருக்கிறது. வீட்டு நாயை எங்கே விடுவது என்பதே அது. முன்னர் இதுவொரு பிரச்சினையாக இருக்கவில்லை. அயல்வீட்டார் இரு நேரம் சோறு வைப்பர். நாயும் தன் வளவிலேயே படுத்திருக்கும். இன்று அயலவரே புலம்பெயர்ந்துவிட்டனர். எஞ்சியோர் பலர் அடுக்குமாடிகளில் வாழ்கின்றனர். எனவே பணம் பெற்று நாயைப் பராமரிக்கும் காப்பகங்களை நாடவேண்டியுள்ளது. கொழும்பிலும் அதன் புறநகர்களிலும் இது ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது.

நாய் விற்ற காசு குரைக்காது என்பது எம்மவர் பழமொழி. நாயைப் பராமரித்துப் பெற்ற காசும் குரைப்பதில்லை. உணவகத்தில் சாப்பாடு பழுதென்றால் சாப்பிட்டவரே முறையிடுவார். காப்பகத்திலோ பணம் செலுத்துபவர் ஒருவர். சேவையைப் பெறும் உயிர் வேறொன்று. அதற்கு முறையிட வாயில்லை. ஆகவேதான் தெரிந்தவர் ஒருவர் சொன்ன வார்த்தையையும், முகநூலில் காணும் அழகிய படங்களையும் மட்டும் நம்பி நாயை ஒப்படைப்பது போதாது என்கிறேன்.

இங்கிலாந்து இந்த உண்மையை முன்னரே உணர்ந்துகொண்டது. காப்பகங்கள் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என்ற சட்டம் அங்கு 1963 இலேயே வந்தது. 2018 ஒக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த புதிய ஒழுங்குவிதிகளின்படி, உள்ளூராட்சி மன்றங்கள் காப்பகங்களைப் பரிசோதித்து ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரத் தரம் வழங்குகின்றன. தமது வீட்டிலேயே பிறர் நாய்களைக் கட்டணத்துக்கு வைத்துப் பராமரிக்கும் தொழிலுக்கும் இவ்விதிகள் பொருந்தும். ஓகஸ்ட் விடுமுறைக்கு ஊருக்கு வரும் லண்டன் தமிழர் முதலில் கேட்கவேண்டியது அந்த அனுமதிப்பத்திரத்தைத்தான்.

இலங்கையின் நிலைமை வேறு. மிருகங்களுக்கு எதிரான கொடுமையைத் தடுக்கும் கட்டளைச்சட்டம் இங்கு 1907 இல், ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பட்டது. அதற்குப் பதிலாக நவீன சட்டமொன்றைக் கொண்டுவர 2006 இல் சட்ட ஆணைக்குழு வரைவொன்றைத் தயாரித்தது. அதன்பின் அரசாங்கங்கள் மாறினவே தவிர, அவ்விடயம் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. நட்சத்திரத் தரம் பார்த்துக் காப்பகத்தைத் தெரிவு செய்யும் வசதி இங்கில்லை. ஆகவே பரிசோதகரின் வேலையை நாயின் சொந்தக்காரரே செய்யவேண்டியுள்ளது.

அவர் எதைப் பார்க்கவேண்டும்? முதலில் கதவைப் பார்க்கவேண்டும். நாய்கள் தங்கும் இடத்தை நேரில் காட்ட மறுத்து, வரவேற்பறையிலேயே பேசி அனுப்பும் காப்பகத்தைப் பற்றி மேலும் ஆராயத் தேவையில்லை. உள்ளே விட்டால், தகரக் கூரையின் கீழ் நண்பகல் வெப்பம் எப்படியிருக்கிறது, தண்ணீர்ப் பாத்திரங்கள் சுத்தமாக உள்ளனவா, வெளிவாசலுக்கு முன் இன்னொரு கதவு இருக்கிறதா என்று கவனிக்கவேண்டும். சித்திரைப் புத்தாண்டு வெடிச்சத்தத்தில் மிரண்டோடும் நாயை அந்த இரண்டாவது கதவே தடுத்து நிறுத்தும்.

அடுத்தது, காப்பகம் உங்களிடம் என்ன கேட்கிறது என்பது. தடுப்பூசி அட்டையைக் கேட்காமல் உங்கள் நாயை ஏற்பவர், மற்றவர்களின் நாய்களையும் அப்படித்தான் ஏற்றிருப்பார். விசர்நாய்க்கடி நோய்த் தடுப்பூசி மட்டும் போதாது. பார்வோ வைரசு தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. வெறும் சவர்க்கார நீருக்கு அது அழிவதில்லை. பல நாய்கள் கூடுமிடத்தில் தொற்றிருமலும் விரைவாகப் பரவும். தடுப்பூசி பலன் தரக் காலம் தேவை என்பதால், பயணத்துக்கு முதல்நாள் மிருக வைத்தியரிடம் ஓடுவதில் பயனில்லை. குறைந்தது இரு வாரங்களுக்கு முன்பே போட்டுவிட வேண்டும். எமது காலநிலையில் உண்ணி இன்னொரு அபாயம். உண்ணிக் காய்ச்சல் பெரும்பாலும் நாய் வீடு திரும்பிய பின்னரே வெளித்தெரியும். அப்போது காப்பகத்தைக் குற்றஞ்சாட்ட ஆதாரம் எதுவும் கையிலிருக்காது.

மூன்றாவது, இரவு. பகலில் ஐந்து பணியாளர் இருப்பதைவிட, இரவில் ஒருவராவது அங்கேயே தங்குகிறாரா என்பதே முக்கியம். நாய்க்குச் சுகவீனம் ஏற்பட்டால் எந்த வைத்தியரிடம் கொண்டுசெல்வர், எவ்வளவு செலவுவரை உங்களைக் கேளாமல் சிகிச்சை செய்யலாம் என்பவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். ஒப்படைக்கும்போதும் திரும்பப் பெறும்போதும் நாயை நிறுத்துப் பாருங்கள். படங்கள் மறைப்பதைத் தராசு சொல்லிவிடும். நீண்ட பயணத்துக்கு முன் ஓரிரவு மட்டும் விட்டுப் பார்ப்பதும் நல்லது.

இவ்வளவும் செய்த பின்னரும், ஆறு மாதம் என்பது காப்பகத்தில் விடக்கூடிய காலமல்ல என்பதே எனது கருத்து. ஒரு வாரத்தைப் பொறுத்துக்கொள்ளும் நாய்கூட, அரையாண்டைக் கூட்டில் கழிக்கும்போது சோர்ந்துபோகும். வயோதிப நாயென்றால் சொல்லவே வேண்டாம். அவ்வளவு காலம் செல்வோர், நாய் அறிந்த ஒருவரை வீட்டிலேயே தங்கவைக்க முயலவேண்டும். காப்பகத்துக்குச் செலுத்தும் பணத்தை அவருக்குக் கொடுப்பது இருவருக்கும் நன்மை தரும்.

மனிதருக்கே வழியில்லாத நாட்டில் நாய்க்கு விடுதி ஒரு கேடா என்று கேட்போர் உண்டு. 1995 ஒக்டோபரில் வலிகாமம் ஒரே இரவில் பெயர்ந்தபோது எம்மவர் நாய்களை விட்டுவிட்டுத்தான் நடந்தனர். அன்று அவர்களுக்கு வேறு வழியிருக்கவில்லை. அதை எவரும் குறைசொல்ல முடியாது. இன்று நாம் புறப்படுவதோ விமானச் சீட்டோடும் திரும்பிவரும் திகதியோடும். நாயின் பாதுகாப்பை உறுதிசெய்ய எமக்கு நேரமும் இருக்கிறது, வழியும் இருக்கிறது. இருந்தும் விசாரிக்காமல் விட்டுச் செல்வோமானால், அதற்குச் சூழ்நிலையைக் காரணம் காட்ட முடியாது.