இரு வாசகர்க்கு ஒரே கையேடு

1937ஆம் ஆண்டு முதல் வங்காளத்தில் நடைபெற்ற சணல் பயிர் மாதிரி ஆய்வுகளில், கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தின் நிறுவனர் பேராசிரியர் மகலனோபிஸ் ஓர் அரிய முறையைக் கையாண்டார். ஒரே பகுதியில் பின்னிப் பிணைந்த இரு மாதிரித் தொகுதிகள் தனித்தனிக் குழுவினரிடம் ஒப்படைக்கப்பட்டன. இருவர் முடிவும் பெரிதும் வேறுபட்டால், பிழை வேலையில் எங்கோ நேர்ந்தது என்பது புலனாயிற்று.

1956இல் அதே கழகத்தில் இந்தியாவின் முதல் இலக்கமுறைக் கணிப்பொறி இயங்கத் தொடங்கியது. கட்டளை குறைபட்டிருந்தால் அதன் வேலை கெடும், குறை வெளிப்படும். இன்றைய செயற்கை நுண்ணறிவு அத்தகையதன்று. இடைவெளியை ஊகத்தால் நிரப்பிவிட்டு, தெளிந்த நடையில் விடையளிக்கவும் கூடும். அபாயம் இங்கேதான் உள்ளது.

‘மண் போதிய ஈரத்துடன் இருக்கையில் உழுக’ என்று கையேடு கூறுவதாகக் கொள்வோம். பழகிய ஊழியர் ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்திப் பார்ப்பார். அந்தச் சோதனை ஏட்டில் இல்லை. அவர் கையில் இருக்கிறது. புதியவருக்கும் இயந்திரத்துக்கும் அது கிட்டாது. ஆகவே சோதனை, அளவு, காரணம், எந்த மண்ணுக்குப் பொருந்தும், எந்நாளில் திருத்தப்பட்டது ஆகியவை விதியின் அருகிலேயே எழுதப்படல் வேண்டும்.

மனிதருக்கு ஒன்று, இயந்திரத்துக்கு மற்றொன்று எனக் கையேடுகளைப் பிரிப்பது உசிதமன்று. ஒன்று திருத்தப்படும், மற்றது பழையபடியே கிடக்கும். ஒரே ஏட்டைப் புதிய ஊழியர் ஒருவரிடமும் இயந்திரத்திடமும் தனித்தனியே அளித்து, ஒரே வினாவைக் கேட்கலாம். விடைகள் மாறுபடும் இடத்தில் முதலில் அந்த வரியை ஆராய்தல் வேண்டும். பள்ளியின் செய்முறைக் குறிப்பேட்டை இரு மாணவரிடம் கொடுத்தும் ஆசிரியர்கள் இச்சோதனையைச் செய்து பார்க்கலாம். அதற்கு இயந்திரமும் தேவையில்லை.