மருந்து ஒரு நாள். பத்தியம் பல நாள்

அமெரிக்காவில் ஓரிகான் என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அங்கே ஒருவகைக் காளானைச் சாப்பிட்டு மனக் கவலைக்கு வழி தேடலாம். சட்டமே இதற்கு இடம் கொடுத்திருக்கிறது.

இது நாம் குழம்பில் போடும் காளான் அல்ல. இதில் 'சைலோசைபின்' என்ற சத்து இருக்கிறது. சாப்பிட்டால் கண் முன்னே காட்சிகள் தோன்றும். மறந்துபோன நினைவுகள் பொங்கி வரும். சிலர் அழுவார்கள். சிலர் சிரிப்பார்கள். சிலர் பயந்து நடுங்குவார்கள். ஐந்தாறு மணி நேரம் இப்படிப் போகும். பிறகு தெளிந்துவிடும்.

தெளிந்த பிறகு என்ன செய்வது? இன்று டாக்டர்கள் அதிகமாகப் பேசுவது இந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

ஓட்டுப் போட்டு வந்த சட்டம்

2020-ம் ஆண்டு நவம்பர் மாதம் ஓரிகான் மக்கள் இதற்காக ஓட்டுப் போட்டார்கள். நூற்றுக்கு 55 பேருக்கு மேல் "சரி" என்றார்கள். 2023-ல் முதல் நிலையம் திறக்கப்பட்டது.

நிபந்தனைகள் பல உண்டு. சாப்பிட வருகிறவருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். நிலையத்திலேயே சாப்பிட வேண்டும். வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. மயக்கம் தெளியும்வரை, பயிற்சி பெற்ற உதவியாளர் கூடவே இருக்க வேண்டும். சித்தப் பிரமை உள்ளவர்களுக்கு இடம் கிடையாது.

டாக்டர் சீட்டு வேண்டியதில்லை. உதவியாளரும் டாக்டராக இருக்க வேண்டியதில்லை. பள்ளிப் படிப்பு, பயிற்சி, பரீட்சை இவை இருந்தால் போதும்.

அமெரிக்க மத்திய சர்க்காரின் சட்டப்படி இந்தக் காளான் இன்னும் தடை செய்யப்பட்ட பொருள்தான். மாநிலம் மட்டும் கதவைத் திறந்திருக்கிறது.

மூன்று படிகள்

இந்த முறையில் மூன்று படிகள் இருக்கின்றன.

முதல் படி, முன்பேச்சு. உங்களுக்கு என்ன கவலை, என்ன நோய் என்று உதவியாளர் விசாரிப்பார். இது கட்டாயம்.

இரண்டாவது படி, காளான் சாப்பிடும் நாள்.

மூன்றாவது படி, பின்பேச்சு. கண்டதையும் உணர்ந்ததையும் பேசித் தெளிவது. இது கட்டாயம் இல்லை. விருப்பம் இருந்தால் வரலாம். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

குறை இங்கேதான் இருக்கிறது.

பின்பேச்சு எதற்கு?

உதாரணமாக ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருக்கு வயது 45. தந்தையோடு சண்டை போட்டார். சமாதானம் ஆகாமலே தந்தை இறந்துவிட்டார். அந்தத் துயரத்தில் குடிக்கத் தொடங்கினார். அண்ணனோடும் பேச்சு இல்லை.

அவர் காளான் சாப்பிடுகிறார். காட்சியில் தந்தை வருகிறார், மன்னித்துவிட்டேன் என்கிறார். இவர் தேம்பித் தேம்பி அழுகிறார். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது போல் இருக்கிறது.

மறுநாள் பொழுது விடிகிறது. வீடு அப்படியே இருக்கிறது. கடன் அப்படியே இருக்கிறது. அலமாரியில் பாட்டிலும் அப்படியே இருக்கிறது. பேச ஆள் இல்லாவிட்டால், பத்து நாளில் அந்தக் காட்சி பழைய கனவு போல் மங்கிவிடும்.

ஆள் இருந்தால் என்ன நடக்கும்? "நீங்கள் கண்டது என்ன? அதற்கு என்ன அர்த்தம் என்று நினைக்கிறீர்கள்? இந்த வாரம் என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று அவர் கேட்பார். இவர் யோசிப்பார். அண்ணனைப் பார்க்கப் போவார். பாட்டிலை வெளியே எறிவார். காலையில் கொஞ்ச தூரம் நடப்பார். நினைவில் வருவதை ஒரு நோட்டில் எழுதுவார். இவை சின்னக் காரியங்கள். ஆனால் குணம் நிலைப்பது இவற்றால்தான்.

இதில் ஆபத்தும் உண்டு. காட்சியில் கண்டதெல்லாம் உண்மை ஆகிவிடாது. "என் மனைவிதான் எனக்கு எதிரி" என்று ஒருவருக்குத் தோன்றலாம். "வேலையை விட்டுவிடு" என்று ஒரு குரல் கேட்கலாம். உடனே அதன்படி நடந்தால் குடும்பம் என்ன ஆகும்? சில வாரங்களுக்குப் பெரிய முடிவு எதுவும் எடுக்காதே என்று சொல்ல, பக்கத்தில் ஒருவர் வேண்டும்.

கணக்கு என்ன சொல்கிறது?

2022-ல் ஒரு பெரிய சோதனையின் முடிவு வெளிவந்தது. மற்ற மருந்துகளால் குணமாகாத மனச்சோர்வு நோயாளிகள் 233 பேர் அதில் சேர்ந்தார்கள். அவர்களில் ஒரு பிரிவினருக்கு 25 மில்லிகிராம் சைலோசைபின் ஒரே ஒரு முறை கொடுத்தார்கள்.

மூன்று வாரம் கழித்துப் பார்த்தார்கள். அந்தப் பிரிவில் நூற்றுக்கு 37 பேருக்கு நல்ல குணம் தெரிந்தது. மிகக் குறைந்த அளவு கொடுத்த பிரிவில் நூற்றுக்கு 18 பேருக்குத்தான் குணம். ஆகவே மருந்தில் விஷயம் இருக்கிறது.

பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி பார்த்தார்கள். 37 பேர் என்பது 20 பேராகக் குறைந்துவிட்டது.

இன்னொரு சோதனையையும் பாருங்கள். 2016-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகம் அதை வெளியிட்டது. புற்றுநோயால் மனம் கலங்கிய 51 பேருக்கு இந்த மருந்தைக் கொடுத்தார்கள். மருந்துக்கு முன்னும் பின்னும் அவர்களோடு பல தடவை உட்கார்ந்து பேசினார்கள். ஆறு மாதம் கழித்தும் சுமார் 80 சதவிகிதம் பேருக்கு மனம் தேறியே இருந்தது.

இரண்டும் வேறு வேறு நோய்கள். வேறு வேறு முறைகள். ஆகவே பேச்சு ஒன்றுதான் வித்தியாசத்துக்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று தெரிகிறது. ஒரு நாள் மருந்து எல்லோருக்கும் ஆயுள் முழுதும் காக்கும் மருந்தாக இல்லை.

மலையூர் மருத்துவச்சி

இந்தக் காளான் வைத்தியம் அமெரிக்கர்கள் கண்டுபிடித்தது அல்ல. மெக்சிகோ நாட்டில் ஹுவாட்லா என்ற மலையூர் இருக்கிறது. அங்கே மசாட்டெக் என்னும் மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்கு இது பரம்பரை வைத்தியம்.

அந்த ஊரில் மரியா சபினா என்ற மருத்துவச்சி இருந்தார். ஒருவருக்கு நோய் வந்தால், இரவில் வீட்டுக்குள் பூசை நடக்கும். நோயாளியின் உறவினரும் கூட இருப்பார்கள். விடியும்வரை பாடுவார். காலையில் எல்லோரும் ஒரே ஊரில்தான் எழுந்திருப்பார்கள். மருத்துவச்சியும் அங்கேதான், நோயாளியும் அங்கேதான். மறுநாள் பேச ஆளைத் தேட வேண்டியதில்லை.

1955-ல் கார்டன் வாஸன் என்ற நியூயார்க் பாங்கு அதிகாரி அங்கே போனார். பூசையில் கலந்துகொண்டார். 1957-ல் 'லைஃப்' பத்திரிகையில் அதைப் பற்றி எழுதினார். 1958-ல் சுவிட்சர்லாந்து விஞ்ஞானி ஆல்பர்ட் ஹாஃப்மன், காளானிலிருந்து சைலோசைபினைப் பிரித்தெடுத்தார்.

அதன் பிறகு வெளிநாட்டார் கூட்டம் கூட்டமாக ஹுவாட்லாவுக்கு வந்தார்கள். போலீசும் வந்தது. ஊரார் மரியா சபினா மீது கோபம் கொண்டார்கள். அவர் வீடு தீக்கு இரையானது. 1985-ல் அவர் காலமானார்.

வந்தவர்கள் காளானைக் கொண்டு போனார்கள். கூட உட்காரும் உறவை அவர்களால் கொண்டு போக முடியவில்லை.

பெரு நாட்டின் கதை

தென் அமெரிக்காவில் பெரு நாட்டில் 'ஆயவாஸ்கா' என்று ஒரு கொடிக் கஷாயம் உண்டு. அதற்கும் காட்சிகள் தோன்றும். அங்கே கஷாயத்தோடு பத்தியம் சேர்ந்தே வரும். உப்பு, சர்க்கரை, மிளகாய், பன்றி இறைச்சி கூடாது என்பார்கள். பத்தியம் என்றால் என்னவென்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

தராப்போட்டோ என்ற ஊரில் தகிவாசி என்ற நிலையம் 1992-ல் தொடங்கியது. போதைக்கு அடிமையானவர்கள் அங்கே பல மாதங்கள் தங்குகிறார்கள். கஷாயம் ஒரு பங்குதான். வேலை, பேச்சு, கூட்டு வாழ்க்கை எல்லாம் மற்றப் பங்குகள்.

என்ன செய்யலாம்?

ஓரிகான் ஏன் பின்பேச்சைக் கட்டாயம் ஆக்கவில்லை? வயது வந்தவரை "வா, பேசு" என்று இழுத்து வர முடியாது. செலவும் ஏறும். இப்போதே ஒரு தடவைக்கு ஆயிரம் டாலரைத் தாண்டுவது உண்டு. இது நியாயமான வாதம்.

ஆனாலும் ஒரு வழி இருக்கிறது. மருந்துக்கு வாங்கும் கட்டணத்திலேயே பின்பேச்சையும் சேர்த்துவிடலாம். பணம் கட்டிய பிறகு பலர் வருவார்கள். தனியாகப் பேச வசதி இல்லாவிட்டால், பத்துப் பேரைச் சேர்த்து உட்கார வைத்துப் பேசலாம். செலவு குறையும், துணையும் கிடைக்கும்.

வீட்டாருக்கும் பங்கு உண்டு. வந்தவரைக் கேலி செய்யக் கூடாது. "என்ன கண்டாய், சொல்" என்று நச்சரிக்கவும் கூடாது. அவர் பேசும்போது காது கொடுத்தால் போதும். தூக்கம் இல்லை, பயம் தீரவில்லை, "நான்தான் கடவுள்" என்பது போல் பேசுகிறார் என்றால் தாமதிக்காமல் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும்.

நம் நாட்டில் எப்படி?

இந்தியாவில் 1985-ம் ஆண்டுப் போதைப் பொருள் சட்டப்படி சைலோசைபின் தடை செய்யப்பட்டது. கொடைக்கானல் மலையில் இந்தக் காளானைத் திருட்டுத்தனமாக விற்றவர்களைப் போலீசார் கைது செய்திருக்கிறார்கள். அங்கே முன்பேச்சும் இல்லை, பின்பேச்சும் இல்லை. கொடுப்பது நல்ல காளானா, விஷக் காளானா என்றும் தெரியாது. இளைஞர்கள் இதில் விளையாடக் கூடாது.

மனம் சோர்ந்திருந்தால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இது சர்க்காரின் 'டெலி மானஸ்' சேவை. காசு இல்லை. இரவு பகல் எந்நேரமும் பேசலாம். தமிழிலும் பேசலாம்.

எந்த மருந்தாக இருந்தாலும், அது வேலை செய்வது ஒரு நாள். மறுநாள் காலையில் அந்த மனிதனுக்கு ஒரு வாய் காப்பி கொடுத்து, "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்க யார் இருக்கிறார்கள்? ஓரிகான் மக்கள் அடுத்த முறை சட்டத்தைத் திருத்தும்போது, இந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும்.