அக்கி எழுதினால் போதுமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

சின்னம்மையும் அக்கியும் ஒரே வைரஸின் இரண்டு வேடங்கள் என்றால் நம் வீட்டுப் பெரியவர்கள் நம்பமாட்டார்கள். ஆயினும் உண்மை அதுதான். சிறுவயதில் அம்மையாக வந்த வைரஸ், முதுகுத்தண்டையொட்டிய நரம்பு முடிச்சுகளில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, உடல் தளரும்போது அக்கியாக எழுகிறது. மனிதனைப் பற்றும் ஹெர்பஸ் குடும்பத்து வைரஸ்கள் ஒன்பது. இப்படி உறங்கிக் கிடப்பது அவற்றின் குலவழக்கம்.

விழித்த வைரஸ் செல்லின் உட்கருவுக்குள்ளேயே பட்டறை போடுகிறது. முதலில் சாரம்போல ஒரு புரதம். அதைச் சுற்றி இருபது முகங்கள் கொண்ட கூடு. கூடு எழும்பியதும் வைரஸின் நொதியே சாரத்தை வெட்டி நீக்குகிறது. நம் கொத்தனாரும் அப்படித்தானே செய்கிறார்! பின்னர் கூட்டின் 12 முனைகளுள் ஒன்றிலுள்ள வாயில் வழியே டி.என்.ஏ. திணிக்கப்படுகிறது. கூட்டின் விட்டம் ஏறத்தாழ 125 நானோமீட்டர். உட்கருவின் துளைகள் அதற்குப் போதா. ஆகவே உட்கருச் சவ்வில் மொட்டுவிட்டு வெளியேறி, செல்லின் சவ்வொன்றையே போர்வையாகப் போர்த்திக்கொண்டு அடுத்த செல்லைத் தேடிப் புறப்படுகிறது.

இத்தனை படிகள் இருப்பது நமக்கு நல்லதே. எந்தப் படியிலும் மறிக்கலாம். டி.என்.ஏ. நகலெடுக்கும் படியில் மறிப்பது அசைக்ளோவிர். அதன் ஆய்வை நடத்திய கெர்ட்ரூட் எலியன் அம்மையார் பிஎச்.டி. முடிக்காமலே 1988-இல் நோபல் பரிசு பெற்றவர். (குடும்பத்தின் முதல் பட்டத்துக்கே திணறும் என் போன்றோருக்கு இது ஆறுதல்!) திணிக்கும் படியை மறிக்கும் லெட்டர்மோவிர் 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, ஆனால் அது சைட்டோமெகலோ வைரஸுக்கான மருந்து, அக்கிக்கு ஆகாது.

அக்கிக்கு அசைக்ளோவிர் வகை மருந்தைக் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது என்கிறது மருத்துவம். பட்டறை ஓடும்போதுதானே அதைப் பூட்ட முடியும்? உறங்கும் வைரஸை ஒழிக்கும் மருந்தோ இன்னும் இல்லை. என் அப்பாயிக்கு அந்த மூன்று நாளும் காவி எழுதுவதிலேயே கழிந்தன. கொப்புளம் ஆறியது, விலாவில் எரிச்சல் இரண்டாண்டாகியும் ஆறவில்லை. மருந்து தந்திருந்தால் இது வந்தே இராது என்று அடித்துச் சொல்ல இயலாது. ஆனால் அந்த வாய்ப்பே அவருக்குக் கிட்டவில்லை.

குயவரைப் பழிப்பது என் நோக்கமன்று. எங்கள் ஊரில் அவர் காசு வாங்காமல் எழுதுகிறார். அக்கி என்று முதலில் கண்டு சொல்பவரும் அவரே. எனவே, “இன்றே ஆஸ்பத்திரிக்குப் போ, கண்ணருகே என்றால் இப்போதே போ” என்பதும் அவர் வாயிலிருந்தே வரவேண்டும். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குக் கிராமம் செல்லும் நாம், மரம் நட்டதோடு திரும்பிவிடாமல், அவ்வூர்க் குயவர் வீட்டுத் திண்ணையில் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசிவரலாம்.